துக்க வீட்டில் துணை: பேராத் தமிழரிடையே கிறிஸ்தவ ஆறுதற் பணியின் சரித்திரம்

மரணம் எவ்வூரிலும் உண்டு, எக்குலத்திலும் உண்டு. ஆயினும், இறந்தவரை அடக்கம் செய்தபின் இருப்பவரை என் செய்வது என்னும் கேள்விக்கு ஒவ்வொரு சமூகமும் வெவ்வேறு விதமாக விடை கண்டிருக்கிறது. அரசர்களின் சரித்திரத்தையும் யுத்தங்களின் சரித்திரத்தையும் நாம் பள்ளியிலே படித்தோம். கண்ணீர் விட்டவர்களின் அருகே சென்று உட்கார்ந்தவர்களின் சரித்திரத்தை நமக்கு எவரும் போதித்தாரில்லை. பேரா நாட்டிலே, ஈப்போ நகரையும் அதனைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களையும் நிலைக்களமாகக் கொண்டு, கிறிஸ்தவ சமயத்தார் துக்கப்பட்டோர்க்குத் துணை நின்ற வகையையும், அப்பணி எங்கே உயர்ந்தது, எங்கே குறைபட்டது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கையறுநிலையும் ஒப்பாரியும்

தமிழனுக்கு அழக் கற்றுக் கொடுக்க எந்தப் பாதிரியாரும் கப்பலேறி வரவேண்டியிருக்கவில்லை. ஆதரித்த தலைவன் மாய்ந்தபோது ஆதரிக்கப்பட்டோர் தம் செயலற்ற நிலையை எடுத்துரைப்பதற்குக் கையறுநிலை என்று ஒரு தனித்துறையே வகுத்தவர்கள் நம் முன்னோர். பாரி இறந்தான், கபிலர் பாடினார். அதனோடு அவர் நின்றாரில்லை. தந்தையை இழந்த பெண்மக்கள் இருவரையும் கையிற் பற்றிக்கொண்டு, அவர்களுக்கு ஒரு வாழ்வு தேடிச் சிற்றரசர் வாயில்தோறும் சென்றார். இரங்கற்பா ஒரு நாட்செயல், துணையிருத்தல் நெடுநாட்செயல். இவ்விரண்டையும் ஒருவரே செய்தார் என்பதுதான் கபிலரின் பெருமை.

ஒப்பாரியும் அறிவற்ற கூச்சலன்று. பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றி வட்டமாக உட்கார்ந்து, போனவரின் குணத்தையும், அவர் செய்த உபகாரத்தையும், சில வேளை அவர் செய்த கொடுமையையும் இராகமிட்டுச் சொல்லி அழுவார்கள். நெஞ்சிற் கிடந்து புழுங்குவதைப் பலர் முன்னிலையில் வெளியே கொட்ட அஃது ஒரு வாயிலாக இருந்தது.

ஆனால் பதினாறாம் நாள் கழிந்ததும் நடப்பது யாது? பொட்டை அழித்து, பூவைப் பறித்து, வளையலை உடைத்து, நேற்றுவரை வீட்டுக்கு விளக்காயிருந்தவளை இன்று மங்கல காரியத்துக்கு ஆகாதவள் என மூலையில் உட்கார வைத்தோம். அவள் அழுவதற்கு ஊரே கூடியது. அவள் வாழ்வதற்கு ஒருவரும் கூடவில்லை. நம் பண்டை வழக்கத்தின் பெருமையைப் பேசுவோர் இச்சிறுமையையும் சேர்த்தே பேசவேண்டும்.

தோட்டத்தில் நேர்ந்த சாவு

தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு வந்த தொழிலாளர் முதலில் ஒப்பந்தக் கூலிகளாய் வந்தனர். அம்முறை 1910-இல் ஒழிந்தபின் கங்காணிமார் வழியாகவே பெருந்தொகையினர் வந்தனர். 1938-இல் இந்திய அரசாங்கம் அவ்வேற்றுமதியைத் தடை செய்தது. காட்டை வெட்டித் தோட்டம் திறந்த ஆதி நாட்களில் மலேரியாக் காய்ச்சல் லயம் லயமாக மக்களை வாரிக்கொண்டு போயிற்று. இறந்தவனுக்கு மாமன் இல்லை, மைத்துனன் இல்லை. கொள்ளி வைக்கப் பிள்ளையும் பல வேளைகளில் இல்லை. பக்கத்து அறையில் வசித்தவனே சகோதரனானான். வேறு ஜில்லாவிலிருந்து வந்த பெண் ஒப்பாரிக்குத் தோள் கொடுத்தாள். இரத்த உறவு கடலுக்கு அப்பால் நின்றுவிட, லயமே உறவாக மாறியது. தோட்டத்து மக்கள் தாமாகவே கண்டுபிடித்த இவ்வுறவை எந்தச் சமயத்தாரும் தமது சாதனை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

கிராணியின் புத்தகத்தில் ஒரு மரணம் மிகச் சிறிய விஷயம். செக்ரோலில் ஒரு பெயருக்கு நேரே கோடு விழும். மறுமாதம் அப்பெயரே எழுதப்படாது. ஆனால் அதே கிராணிதான் இறந்தவனுடைய ஊருக்குக் கடிதமும் எழுதவேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதோர் நிறைந்த லயத்தில், செய்தியை எழுதுபவனும் வந்த பதிலைப் படித்துக் காட்டுபவனும் அவனே. கப்பலிற் சென்ற அக்கடிதம் ஊரை அடையும்போது புதைத்த இடத்திற் புல் முளைத்திருக்கும். அத்தொழிலின் வாரிசாகிய நாம், கணக்கெழுதுபவன் கையில் மனிதரின் துக்கமும் ஒப்படைக்கப்பட்டிருந்தது என்பதை மறத்தலாகாது.

பாதிரிமார் வருகை

இந்நிலையில்தான் கிறிஸ்தவ சபைகள் தமிழரிடையே வேலை தொடங்கின. 1880-களில், பாரிஸ் அந்நிய வேதபோதக சபையைச் சேர்ந்த ரெனே ஃபே என்னும் பிரெஞ்சுக் குருவானவர், கிரியான் பகுதியிலுள்ள பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கரைக் குடியேற்றினார். இவரே பின்னர் 1896-இல் மலாக்கா மேற்றிராணியாரானார். அக்குடியேற்றத்தால் விளைந்த நன்மை ஒன்றை இங்கே குறித்தல் தகும். தோட்டத்துக் கூலி இன்று ஒரு தோட்டத்திலும் நாளை வேறொரு தோட்டத்திலும் இருப்பான். அவன் பிள்ளையைப் புதைத்த இடம் மறுநடவில் மறைந்துபோகும். நிலையான கிராமத்திலோ, கோயிலுக்கருகே கல்லறை நிலைத்து நிற்கும். ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்ற ஓர் இடம் இருக்கும். துக்கத்துக்கு ஓர் இடமும் ஒரு நாளும் வேண்டும் என்பதை அச்சபை அறிந்திருந்தது.

மெதடிஸ்ட் சபையின் வில்லியம் ஹார்லி பாதிரியார் 1895-இல் ஈப்போவில் ஆங்கிலோ-சீனப் பள்ளியைத் தொடங்கினார். பள்ளியைத் தொடர்ந்து சபைகள் வளர்ந்தன. தமிழருக்கெனத் தமிழிலேயே ஆராதனை நடத்தும் சபைகளும் தோன்றின. கத்தோலிக்கரில் உபதேசியார்களும், சீர்திருத்தச் சபைகளில் ஊழியர்களும், வேதாகமப் பெண்டிரும் வீடு வீடாகச் செல்லும் வழக்கத்தைத் தமிழ்நாட்டிலிருந்து உடன் கொண்டுவந்தனர்.

இவ்வழக்கத்தின் சூட்சுமம் யாதெனின், அது நினைத்தபோது செய்யும் உபகாரமாக இல்லாமல் முறைப்படி அமைந்த வேலையாக இருந்தது. 1833-இல் பாரிஸில் ஃபிரடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவர் தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையாயினும், 1921-இல் டப்ளினில் தோன்றிய மரியாயின் சேனையாயினும், அவற்றின் அங்கத்தினர் குருமார் அல்லர், சாதாரண ஜனங்கள். அவர்கள் இருவர் இருவராகச் செல்வார்கள், எந்த வீட்டுக்குப் போனோம், அங்கே என்ன குறை என்று கூட்டத்திலே சொல்வார்கள், மறுமுறையும் செல்வார்கள். பதினாறாம் நாளோடு வாசற்படியை மறந்துவிடும் நமக்கு, இம்மறுமுறைதான் பெரும் பாடமாகும்.

சபைகளின் குறை

ஆயினும் உண்மையை உள்ளபடி சொல்லவேண்டுமானால், சபைகளும் துக்கத்தின்மேல் துக்கத்தை ஏற்றியதுண்டு. திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையில், இறந்தபின்னும் தாழ்த்தப்பட்டோரைப் பிரித்து வைக்கச் சுவர் எழுப்பப்பட்டது. சவத்துக்கும் சாதி பார்த்த இடத்தில் ஆறுதல் என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

வேறொன்றும் உண்டு. 1917-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், மனமறிந்து தற்கொலை செய்துகொண்டோர்க்குத் திருச்சபை முறைப்படி அடக்கம் மறுத்தது. மகன் தூக்கிலே தொங்கினான் என்ற வேதனையோடு, அவனுக்கு மந்திரமும் இல்லை, மணியும் இல்லை என்ற அவமானத்தையும் தாய் சுமந்தாள். 1983-இல் வந்த புதிய சட்டத்தில் அத்தடை இடம்பெறவில்லை. வறுமையும் மதுவும் மனச்சோர்வும் பலரைத் தற்கொலைக்குத் துரத்திய தோட்டச் சமூகத்துக்கு இம்மாற்றம் சிறியதன்று.

பிரேதமில்லாத துக்கம்

1942-இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தனர். அவ்வாண்டிலேயே சயாமிலுள்ள பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவிலுள்ள தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில்பாதை போடத் தொடங்கினர். 1943 அக்டோபர் 17-ஆம் நாள் இருபுறத்துத் தண்டவாளங்களும் ஒன்று சேர்ந்தன. அவ்வேலைக்கு நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் ஈடுபடுத்தப்பட்டனர். பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரின் தொகையோ இலட்சக்கணக்கானது. அவர்களுள் 80,000 முதல் 1,00,000 பேர் வரை இறந்திருக்கலாம் என மதிப்பிடுகின்றனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழர் அவர்களுள் ஒரு பெரும் பகுதி. சிலரை நல்ல கூலி தருவதாக ஆசை காட்டி ஏற்றினர். சிலரைப் பிடித்தே ஏற்றினர். காலராவும் பட்டினியும் புண்ணும் அவர்களைத் தின்றன.

கைதிகளாய் மாண்ட வெள்ளையர்க்கு யுத்தத்துக்குப்பின் காஞ்சனபுரியில் ஒழுங்கான மயானம் அமைந்தது. ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. நம்மவர்க்குக் குழி இருந்தது, கல் இல்லை, பெயர் இல்லை. 2023-இல்தான் காஞ்சனபுரியிலுள்ள தவோர்ன் வராராம் ஆலய வளாகத்தில் மாண்ட தமிழர் நினைவாக ஒரு நடுகல் எழுந்தது. எண்பதாண்டுகள் கழித்து வந்த கல்!

தோட்டத்து லயங்களில் எஞ்சிய பெண்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். புருஷன் செத்தானா, பிழைத்தானா, சயாமிலேயே தங்கிவிட்டானா என்று தெரியாது. தாலியை வைத்துக்கொள்வதா, கழற்றுவதா? பதினாறாம் நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது? பிரேதம் இல்லாமல் எங்ஙனம் ஒப்பாரி வைப்பது? நம் வழக்கங்கள் அனைத்தும் பிரேதத்தை நடுவிலே கிடத்தி வகுக்கப்பட்டவை. நடுவே ஒன்றுமில்லாதபோது அவ்வழக்கங்கள் வாயடைத்து நின்றன. இத்தகைய இழப்புக்கு ‘தெளிவற்ற இழப்பு’ என்ற பொருளில் அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் பெயரிட்டு, 1999-இல் ஒரு நூலும் வெளியிட்டார். அப்பெயர் பிறப்பதற்கு முன்பே அதை அனுபவித்தவர்கள் நம் பாட்டிமார்.

பாப்பான் ஊரில் ஒரு மாது

அதே ஜப்பானியர் காலத்தில், ஈப்போவுக்கு அருகிலுள்ள பாப்பான் என்னும் சிற்றூரில் சிபில் கதிகாசு அம்மையார் வாழ்ந்தார். 1899-இல் பிறந்த இவர் யூரேசியக் கத்தோலிக்கர், மருத்துவத்தாதி. 1919-இல் தைப்பிங்கைச் சேர்ந்த இந்துத் தமிழ் டாக்டர் ஒருவரை, சமய ஆட்சேபங்களைத் தாண்டி, கோலாலம்பூர்ப் புக்கிட் நானாஸ் மாதாகோயிலில் மணந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் பிறந்த முதற்குழந்தைக்கு, 1915-இல் கலிப்போலிப் போரில் மாண்ட தம் அண்ணன் மைக்கேலின் பெயரையே இட்டார். அக்குழந்தை பத்தொன்பது மணி நேரமே உயிரோடிருந்தது. மனமுடைந்த மகளுக்கு, மருத்துவச்சியாகிய அவர் தாய், தாம் பிரசவம் பார்த்த வில்லியம் பிள்ளை என்ற தமிழ்க் குழந்தையைத் தத்தெடுக்கும்படி சொன்னார். அம்மையாரும் அவ்வாறே வளர்த்தார்.

ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளைக்கு ஈடாகாது. இழந்த தாய்க்கு உடனே வேறு குழந்தையைக் காட்டுவது எப்போதும் நலமென்று இன்றைய வல்லுநர் சொல்லார். ஆயினும் அவ்வம்மையாரின் பிற்கால வாழ்வு, துக்கம் அறிந்த நெஞ்சு எத்தனை பேருக்கு இடம் கொடுக்கும் என்பதைக் காட்டிற்று. ஈப்போ புரூஸ்டர் வீதியில் கணவரும் மனைவியும் பல்லாண்டுகள் வைத்தியசாலை நடத்தினர். யுத்தம் வந்ததும் பாப்பானுக்கு இடம்பெயர்ந்து, நோயாளிகளுக்கும், ஜப்பானியரை எதிர்த்த கொரில்லாக்களுக்கும் மருந்திட்டார். மறைத்து வைத்த ரேடியோவில் செய்தி கேட்டார். 1943-இல் பிடிபட்டுச் சொல்லொணாச் சித்திரவதைக்கு உள்ளானார், எவரையும் காட்டிக்கொடுத்தாரில்லை. பிரிட்டிஷ் அரசாங்கம் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் அளித்தது. 1948 ஜூன் 12-இல் பிரிட்டனில் இறந்தார். மறுவருஷம் அவர் சரீரம் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, செயிண்ட் மைக்கேல் கோயிலருகே அடக்கம் செய்யப்பட்டது. அவர் உபதேசம் செய்து பெயர் பெற்றவரல்லர். புண்ணைக் கழுவிப் பெயர் பெற்றவர். கிறிஸ்தவ ஆறுதல் என்பதற்குப் பேரா நாடு தந்த தெளிவான உரை அதுவே.

பாஸ்டன் நகரத்துப் பாடம்

இக்காலத்தில் மேல்நாட்டிலும் ஒரு மாறுதல் நிகழ்ந்துகொண்டிருந்தது. ஆன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் பாதிரியார் தாமே மனநோயுற்று ஆஸ்பத்திரியில் இருந்து மீண்டவர். அவர் 1925-இல் வூஸ்டர் மனநோய் ஆஸ்பத்திரிக்கு இறையியல் மாணவர்களை அழைத்துச் சென்று, புத்தகத்தை மட்டும் படியாதீர்கள், துன்பப்படும் மனிதனையும் படியுங்கள் என்ற கருத்தில் பயிற்சி அளித்தார். பாதிரிமாரின் ஆறுதற் பணி ஒரு கல்வியாக மாறியதற்கு இதுவும் ஒரு தொடக்கம்.

1942 நவம்பர் 28-இல் பாஸ்டன் நகரத்து கோக்கனட் குரோவ் என்ற கேளிக்கை விடுதி தீப்பற்றி 492 பேர் மாண்டனர். அங்கிருந்த எரிக் லிண்டமன் என்ற டாக்டர், உற்றாரை இழந்தவர்களை ஆராய்ந்து 1944-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெருமூச்சு, தொண்டையடைப்பு, வயிற்றில் வெறுமை, நாம்தான் காப்பாற்றத் தவறினோம் என்ற குற்றவுணர்ச்சி ஆகியவை துக்கத்தின் குறிகள் என்றும், துக்கப்படுவதும் ஒரு வேலை, அதைச் செய்து முடிக்க உதவி வேண்டும் என்றும் அவர் விளக்கினார். சமயத்தார் ஆறுதல் அளிப்பது நன்று. ஆறுதல் மட்டும் போதாது என்பதும் அவர் கருத்து. ஒரு விடுதியில் மாண்ட 492 பேரின் சுற்றத்தார்க்காக ஒரு சாஸ்திரமே எழுந்தது. அதே யுத்தத்தில், ஒரு காட்டுப்பாதையில் மாண்ட பல்லாயிரவரின் சுற்றத்தாரைப் பற்றி அன்று எந்த டாக்டர் எழுதினார்? மனிதரின் கண்ணீருக்கும் நிறமுண்டு போலும்!

தோட்டம் கலைந்தபின்

சுதந்திரத்துக்குப்பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் மரங்கள் விழுந்து செம்பனை எழுந்தது. பல நிலங்கள் வீடமைப்புக்கு விலையாயின. 1969-இல் வேலை அனுமதிச் சட்டம் அமுலானபோது, குடியுரிமையில்லாத தமிழர் பல்லாயிரவர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். எஞ்சியோர் ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் முதலிய ஊர்ப்புறங்களில் அடுக்குமாடி வீடுகளிற் குடிபுகுந்தனர். அங்கே அடுத்த கதவு மூடியிருக்கும். லயத்தில் ஒருவர் இறந்தால் எல்லா அடுப்பும் அணையும். அடுக்குமாடியில் ஒருவர் இறந்தால் மேல்மாடியில் தெரியாது. லயத்தின் வறுமை போகட்டும், அது போகவேண்டியதே. ஆனால் அதனோடு லயத்தின் உறவும் போயிற்று.

இவ்வெற்றிடத்தை நிரப்பவே இக்காலத்து ஆற்றுப்படுத்தும் ஸ்தாபனங்கள் தேவைப்படுகின்றன. 1935-இல் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குரு நடத்திய முதல் அடக்கம், தன் உடலின் இயல்பான மாறுதலை நோயென்று அஞ்சித் தற்கொலை செய்துகொண்ட ஒரு சிறுமியினுடையது. அந்நினைவு அவரை விடவில்லை. 1953-இல் லண்டனில் அவர் சமாரித்தர் இயக்கத்தைத் தொடங்கினார். வல்லுநரைக் காணக் காத்திருந்தவர்கள், தேநீர் கொடுத்துக் கூட உட்கார்ந்த சாதாரணத் தொண்டர்களிடம் பேசியே மனம் தெளிந்ததை அவர் கண்டார். அம்மரபைப் பின்பற்றிய ‘பிஃப்ரெண்டர்ஸ்’ 1970-இல் கோலாலம்பூரில் தோன்றிற்று. ஈப்போவிலும் அப்பணி நடைபெறுகிறது. குருவானவர் ஒருவரின் மனத்தில் உதித்த இயக்கமாயினும் அது எச்சமயத்தையும் போதிப்பதில்லை என்பது கவனிக்கத்தக்கது. மலேசியாவில் 1998-ஆம் ஆண்டுக் கவுன்சலர் சட்டப்படி, பதிவு பெற்றவரே அப்பட்டத்தைத் தாங்கித் தொழில் நடத்தலாம். ஆகவே சபைத் தொண்டர் தம்மை வைத்தியராகப் பாவித்துக்கொள்ளாமல், ஊண் உறக்கமின்றி நெடுநாள் வாடுவோரையும், சாவை நாடிப் பேசுவோரையும் உரியவரிடம் அழைத்துச் செல்லவேண்டும்.

துணையின் இலக்கணம்

அவ்வாறாயின் சாதாரணத் துணைவர் செய்யவேண்டியது யாது? விவிலியத்திலுள்ள யோபுவின் சரித்திரத்தைப் பாருங்கள். பிள்ளைகளை இழந்து சாம்பலில் உட்கார்ந்த அவனைக் காண மூன்று நண்பர்கள் வந்தனர். ஏழு பகலும் ஏழு இரவும் பேசாமல் தரையில் உடன் உட்கார்ந்தனர். அதுவரை அவர்கள் செய்தது சரி. வாய் திறந்து, நீ பாவம் செய்திருப்பாய் என்று காரணம் கற்பிக்கத் தொடங்கியபோதுதான் கெட்டனர். நாமும் விதி என்போம், கர்மம் என்போம், ஆண்டவன் சித்தம் என்போம். சமயம் வேறானாலும் பிழை ஒன்றே. லாசருவின் கல்லறையருகே இயேசு முதலில் அழுதார் என்று அவர்தம் வேதமே கூறுகிறது. அழாமல் பிரசங்கம் செய்பவர் யாரைப் பின்பற்றுகிறார்?

துக்க வீட்டை மதமாற்றத்துக்கு வலைவீசும் குளமாகக் கருதுவோர் எச்சபையிலும் சிலர் இருக்கக்கூடும். உடைந்த மனத்தில் கையெழுத்து வாங்குவது வட்டிக்கடைக்காரன் செயல், துணைவன் செயலன்று. அவ்வாறே, உதவ வந்தவன் கிறிஸ்தவன் என்பதற்காகவே கதவைச் சாத்துவதும் அறிவுடைமையாகாது. வந்தவன் கேட்கிறானா, பேசுகிறானா. திரும்ப வருகிறானா, ஒருநாளோடு போகிறானா என்பதையே நாம் நோக்கவேண்டும்.

தமிழ்க் கிறிஸ்தவர் இப்பணியை ‘ஆற்றுப்படுத்துதல்’ என்று அழைக்கின்றனர். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று வரும் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்கு, யான் சென்ற வழி இது, நீயும் செல் என்று காட்டுவதே அதன் இலக்கணம். துக்கத்தின் வழியை நடந்து கடந்தவரே அவ்வழியில் நிற்பவர்க்கு நல்ல துணைவர். கணவனை இழந்து மீண்டு வாழும் பெண்ணைச் சுபகாரியத்துக்கு ஆகாதவள் என ஒதுக்கிய நாம், நம்மிடமிருந்த சிறந்த வழிகாட்டிகளை நாமே ஒதுக்கினோம்.

தோழர்களே! உங்கள் அடுக்குமாடியில் சென்ற மாதம் ஒரு சாவு நேர்ந்திருந்தால், மாலை போட்ட நாளோடு உங்கள் கடமை தீர்ந்ததென்று எண்ணாதீர்கள். நாற்பதாம் நாளிலும் செல்லுங்கள். ஆறாம் மாதத்திலும் செல்லுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள். அப்பெயரைக் கேட்கவே அவ்வீட்டார் ஏங்கிக்கொண்டிருக்கிறார்கள். சயாமுக்குப் போன பாட்டனாரின் பெயர் உங்கள் வீட்டில் எவருக்கேனும் நினைவிருந்தால், அதை எழுதி வையுங்கள். செக்ரோலில் அடிக்கப்பட்ட பெயர்களை மீண்டும் எழுதுவதற்குப் பாதிரியாரும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். ஒரு பேனாவும் கொஞ்சம் பொறுமையும் போதும்.